பழைய சர்வருக்கு அடுத்து என்ன: முப்பது கணினி உள்ள நிறுவனத்துக்கான ஒப்பீடு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை மாதிரியாக வைத்துக்கொள்வோம். அலுவலகத்திலும் வடிவமைப்புப் பிரிவிலுமாக முப்பது கணினிகள். கணக்கர் அறையின் மூலையில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒரு டவர் சர்வர். அதில் விண்டோஸ் சர்வர் 2016. கணக்கு மென்பொருளான டேலி, பொறியியல் வரைபடங்கள், எக்செல் உள்ளிட்ட அலுவலகக் கோப்புகள், வருகைப்பதிவு இயந்திரத்தின் மென்பொருள் ஆகிய நான்கும் அந்த ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. பேக்கப் என்ற பெயரில் ஒரு யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் எந்நேரமும் அதிலேயே செருகப்பட்டிருக்கிறது. இது கற்பனை நிறுவனம்தான் என்றாலும், கோவையிலோ ஓசூரிலோ எந்தத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தாலும் சிறு மாற்றங்களோடு இதே அமைப்பைப் பார்க்கலாம்.

இந்த நிறுவனத்துக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2016க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஜனவரி 12 அன்று நிற்கின்றன. பழைய கணினிகளில் ஓடும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. இந்நிலையில் உரிமையாளரின் மேசைக்குப் பொதுவாக நான்கு வகைக் கோட்டேஷன்கள் வந்து சேரும்: புதிய சர்வர் ஒன்றை வாங்கி அதே மூலையில் வைப்பது, கிளவுடில், அதாவது வெளி நிறுவனத்தின் தரவு மையத்தில், ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுவது, சர்வரே வேண்டாம் என்று மாதச் சந்தா சேவைகளுக்குப் போய்விடுவது, இவற்றைக் கலந்து அமைப்பது. தனித்தனியே படிக்கும்போது ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். ஆனால் கடைசி வரியில் உள்ள தொகையை மட்டும் பார்த்து இவற்றை ஒப்பிட முடியாது. ஒன்றில் மின்சாரம் சேர்ந்திருக்காது, இன்னொன்றில் லைசென்ஸ் சேர்ந்திருக்காது, மூன்றாவதில் ஆளுக்கு இத்தனை ரூபாய் என்பது மட்டுமே இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வர் முழுவதையும் ஒரே பொருளாக எண்ணி இடம் மாற்றக் கூடாது. அதில் உள்ள நான்கு வேலைகளையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் நின்றால் நிறுவனம் தாங்கும், நின்றுபோனால் யார் வந்து மீட்பார் என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டுதான் கோட்டேஷன்களைப் படிக்க வேண்டும்.

இப்படியே விட்டுவிடுவது

யாரும் கோட்டேஷன் தராத ஐந்தாவது வழி ஒன்றும் இருக்கிறது: நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிடுவது. இதற்கும் விலை உண்டு. விண்டோஸ் 10 கணினிகளுக்குக் காசு கொடுத்து நீட்டிப்பு வாங்க நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த விலை முதல் ஆண்டில் ஒரு கணினிக்கு 61 டாலர். அது ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடையாது. அதாவது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கணினிக்கு 427 டாலர். இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுக்கான தொகையையும் கட்ட வேண்டும். அந்தத் தொகையில் கணிசமான பகுதிக்குப் புதிய கணினியே வாங்கிவிடலாம் என்பதால், குறிப்பிட்ட ஏதோ ஓர் இயந்திரத்தோடு இணைந்து மாற்ற முடியாமல் இருக்கும் ஒன்றிரண்டு கணினிகளுக்குத் தவிர வேறெதற்கும் இது பொருந்தாது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை. எனவே 2017க்கு முன் வாங்கியவை தேறா. டேலி கிளவுடுக்குப் போய்விட்டால், கணக்குப் பிரிவில் அப்படிப்பட்ட பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, தொலைவில் உள்ள சர்வரின் திரையை இங்கிருந்தே பார்த்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்பதையும் சொல்ல வேண்டும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

எந்த வேலை எவ்வளவு நேரம் நிற்கலாம்

டேலியிலிருந்து தொடங்குவோம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் விலைப்பட்டியலை 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்-விலைப்பட்டியலாகவே எடுக்க வேண்டும். அரசுத் தளத்திலிருந்து பதிவு எண் வராமல் பில் இல்லை. பில் இல்லாமல் லாரி வாசலைத் தாண்டாது. வாகனத் தொழிற்சாலைக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் பில் பிரிவு நான்கு மணி நேரம் நின்றால் அன்றைய அனுப்புதலே தவறிப்போகும். ஆகவே டேலியின் பொறுமை சில மணி நேரம் மட்டுமே.

இதிலேயே இன்னொன்றும் தெளிவாகிறது. "இன்டர்நெட் போனால் கிளவுடில் வேலை நின்றுவிடும், சொந்த சர்வரில் நிற்காது" என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் வாதம். மின்-விலைப்பட்டியலுக்கும், சரக்குப் போக்குவரத்துக்கான இ-வே பில்லுக்கும் இன்டர்நெட் எப்படியும் வேண்டும் என்றான பிறகு, பில் பிரிவைப் பொறுத்தவரை அந்த வாதத்தின் வலு பெருமளவு குறைந்துவிட்டது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக டேலியில் பில் போடுவதற்குத் திரையின் படம் மட்டுமே பயணிப்பதால், ஃபைபர் அறுந்த நாளில் ஒரு கைபேசி ஹாட்ஸ்பாட்டே போதும்.

வரைபடங்களின் நிலை இதற்கு நேர்மாறானது. ஓர் அசெம்ப்ளி கோப்பு 500 எம்.பி. என்று கொண்டால், அலுவலகத்தின் கிகாபிட் வலையமைப்பில் அது நான்கைந்து நொடிகளில் திறக்கும். அதே கோப்பை 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு வழியாக வெளியிலிருந்து எடுத்தால் கோட்பாட்டளவிலேயே 40 நொடிகள் ஆகும். ஐந்து வடிவமைப்பாளர்கள் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பொறுமை இழந்து கோப்புகளைத் தங்கள் கணினியின் டெஸ்க்டாப்பில் வைத்து வேலை செய்யத் தொடங்குவார்கள். அன்றிலிருந்து எது கடைசித் திருத்தம் என்பது யாருக்கும் தெரியாது. பழைய திருத்தத்தை வைத்து ஒரு தொகுதி உதிரிபாகம் வெட்டப்பட்டுவிட்டால் ஏற்படும் நட்டம், சர்வர் விலையைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

அலுவலகக் கோப்புகள் ஒரு நாள் வரை தாங்கும். வருகைப்பதிவு இன்னும் தாராளமானது. பல இயந்திரங்கள் தம் நினைவகத்திலேயே பதிவுகளை வைத்திருந்து பிறகு அனுப்பும் என்பதால், சம்பளக் கணக்குப் போடும் நாளைத் தவிர அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

புதிய சர்வரை வாங்கி வைப்பது

இந்த வழியின் பெரிய பலம் வேகமும் பழக்கமும். ஊழியர் யாரும் புதிதாக எதையும் கற்க வேண்டாம். பணம் ஒருமுறை போகும், ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். வருமான வரியில் கணினிக்கும் மென்பொருளுக்கும் 40 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம் என்பதால் ஆடிட்டருக்கும் இது பிடிக்கும். சந்தாவும் வாடகையும் அந்தந்த ஆண்டின் செலவாக முழுமையாகவே கழிக்கப்படுகின்றன என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்; ஆகவே வரிச் சலுகையைக் காட்டி இந்த வழியைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

கோட்டேஷனில் விடுபடுபவைதான் இங்கே சிக்கல். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸ், செயலியின் கோர் எண்ணிக்கைப்படி, குறைந்தது 16 கோர்களுக்கு வாங்கப்பட வேண்டும். அதற்கு மேல் சர்வரை அணுகும் ஒவ்வோர் ஆளுக்கோ கணினிக்கோ தனியாகச் சி.ஏ.எல். என்ற அணுகல் லைசென்ஸ் வேண்டும். பலர் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து டேலி பயன்படுத்துவதாக இருந்தால் அதற்கென்று ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். என்ற இன்னொரு லைசென்ஸும் வேண்டும். முப்பது பேருக்கு இவற்றைக் கூட்டினால் இரும்புப் பெட்டியின் விலையோடு போட்டி போடும் தொகை வரக்கூடும். இந்த வரிகள் இல்லாத கோட்டேஷன் மலிவாகத் தெரிவதில் வியப்பில்லை.

மின்சாரத்தையும் கணக்கிட வேண்டும். சராசரியாக 150 வாட் எடுக்கும் சர்வர் ஆண்டு முழுவதும் ஓடினால் 1,314 யூனிட் ஆகிறது. யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 11,800 ரூபாய். இதில் அந்த அறையின் ஏ.சி. சேரவில்லை, யு.பி.எஸ். பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் செலவும் சேரவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை இடம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தொழிற்பேட்டைகள் நீரில் நின்றன. அம்பத்தூரும் அதற்கு விலக்கில்லை. தரைத்தளத்தில் சர்வரும் அதிலேயே செருகிய பேக்கப் டிஸ்க்கும் இருக்கும் நிறுவனத்துக்கு, நீர் வடிந்த பின் மிச்சமிருப்பது காப்பீட்டுப் பணம் மட்டுமே; தரவுக்கு யாரும் காப்பீடு தந்து மீட்டுவிட முடியாது. மாடியில் வைக்க முடிந்தால் வைக்க வேண்டும். முடியாவிட்டால், முக்கியமானது எதுவும் அந்த அறையில் மட்டும் இருக்கக் கூடாது.

ஒரே பெட்டியைத் தனித்தனிச் சர்வர்கள்போல் இயங்கும் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரிப்பதற்கு வி.எம்.வேர் மென்பொருளைப் போடலாம் என்று விற்பனையாளர் சொன்னால், ஒருமுறை வாங்கினால் போதும் என்ற நிரந்தர லைசென்ஸ் விற்பனை அங்கே நின்றுவிட்டதை நினைவில் கொள்ள வேண்டும். 2023 நவம்பரில் அந்நிறுவனத்தை வாங்கிய பிராட்காம் அடுத்த மாதமே சந்தா முறைக்கு மாறியது. முப்பது கணினி உள்ள இடத்துக்கு அதே வேலைக்காக விண்டோஸ் சர்வரோடு வரும் ஹைப்பர்-வி போதுமானது. ஸ்டாண்டர்டு லைசென்ஸே இரண்டு மெய்நிகர் சர்வர்களை அனுமதிக்கிறது. லினக்ஸ் தெரிந்த ஆள் இருந்தால் அதே வகை மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் நல்ல தேர்வு.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த கணினியையே சர்வராக வைப்பவர்களும் உண்டு. பாகங்கள் அன்றே கிடைக்கும் என்பதால் சென்னை நகருக்குள் இது கேட்கும்போது தோன்றும் அளவுக்கு மோசமில்லை. எனினும், பிராண்டு சர்வருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் அடுத்த நாள் ஆள் வந்து பாகம் மாற்றித் தருவதற்கான வாரண்டிக்குத்தான். அந்த வாரண்டியை ஐந்து ஆண்டுக்கு எடுக்காமல் பிராண்டு சர்வர் வாங்குவதில் பாதிப் பயன் போய்விடுகிறது.

கிளவுடில் ஒரு சர்வர்

அமேசானின் மும்பை மையம் 2016இலும் ஐதராபாத் மையம் 2022இலும் திறந்தன. மைக்ரோசாஃப்ட் அஷூர் புணே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் 2015 முதல் இயங்குகிறது. உள்நாட்டு நிறுவனங்களும் டேலிக்கென்றே தயார் நிலை சர்வர்களை வாடகைக்கு விடுகின்றன. தரவு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை (சட்டப் பகுதியில் பின்னர் வருகிறது) நிறைவேற்ற எந்தத் தடையும் இல்லை.

வெள்ளம், மின்வெட்டு, டிஸ்க் பழுது ஆகிய மூன்றும் நம் தலையை விட்டு இறங்கிவிடுகின்றன. வாடகையும் பயன்படுத்தும் மணிக்கணக்கில் என்பதால் ஒரு சேமிப்பு வழி உண்டு. மாதத்துக்கு 730 மணி நேரம் என்று கொண்டால், நாளுக்கு 10 மணி நேரம் வீதம் 26 வேலை நாள்களுக்கு 260 மணி நேரமே தேவைப்படுகிறது. இரவில் தானாக அணையுமாறு அமைத்துவிட்டால் சர்வர் ஓடும் நேரத்துக்கான வாடகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். டிஸ்க் வாடகை மட்டும் குறையாது. ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத் தள்ளுபடி எடுத்திருந்தால் அணைத்து வைப்பதில் இலாபமும் இல்லை. இந்த இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்யாமல் வாடகைக்கு எடுப்பவர்களே பெரும்பாலும் மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறார்கள்.

ஆனால் கிளவுடுக்கு மாற்றியதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. அதே விண்டோஸ், அதே அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல், திருத்தங்கள் போடாத அதே பழக்கம் ஆகியவை அப்படியே இடம் பெயர்கின்றன. இப்போது அது உலகம் முழுவதிலிருந்தும் தட்டக்கூடிய கதவாகவும் ஆகிவிடுகிறது. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, எல்லோருக்கும் திறந்து வைத்த சர்வர்கள், பிணைத்தொகை கேட்கும் தீநிரல்கள் உள்ளே நுழைய மிகவும் விரும்பும் வழிகளில் ஒன்று. வி.பி.என். என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு அல்லது அதற்கு இணையான இடைவாசலும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் இல்லாமல் இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். "ஸ்டேட்டிக் ஐ.பி. (மாறாத இன்டர்நெட் முகவரி) போட்டு நேரடியாகத் திறந்து விடுகிறோம், எளிதாக இருக்கும்" என்று சொல்லும் விற்பனையாளரை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

டேலி தரவைக் கிளவுடில் வைத்துவிட்டு, நிரலை மட்டும் அலுவலகக் கணினியில் ஓட்டி வி.பி.என். வழியாக இணைக்கும் இடைவழியும் வேண்டாம். ஒரே கட்டடத்தின் வலையமைப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. தொலைவில் மெதுவாகும், இணைப்பு நடுவில் அறுந்தால் தரவு சிதையவும் வாய்ப்புண்டு. நிரலும் தரவும் சேர்ந்து ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பயனர் திரையை மட்டும் பார்க்க வேண்டும்.

சர்வரே வேண்டாம் என்பது

கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சென்னையில் வேரூன்றிய ஸோஹோ ஆகிய மூன்றும் மின்னஞ்சலையும் கோப்புகளையும் பொறுத்தவரை முப்பது பேருக்குச் சொந்த சர்வரை விட எல்லா விதத்திலும் மேல். இதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. மின்னஞ்சல் சர்வரைச் சொந்தமாக நடத்த வேண்டிய தேவை ஒரு சிறு நிறுவனத்துக்கு இன்று அறவே இல்லை.

செலவு ஆள் கணக்கில் வளர்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆளுக்கு மாதம் 300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், முப்பது பேருக்கு ஐந்து ஆண்டில் 5,40,000 ரூபாய். இயந்திரக்கூடத்தில் வேலை செய்வோர் அனைவருக்கும் கணக்கு திறக்கத் தொடங்கினால் இந்தத் தொகை தறிகெட்டு ஓடும். கொள்முதல், தரம், அனுப்புதல் போன்ற பொதுப் பெயர்களுக்குப் பகிர்ந்த பெட்டிகளாகவும் குழுக்களாகவும் அமைத்தால் கட்டுக்குள் நிற்கும்.

அழித்த கோப்பு எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் தவறானது. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் கோப்பு 30 நாள் இருக்கும். மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்டில் 93 நாள். வேலையை விட்டுப் போகும் ஊழியர் ஆறு மாதத்துக்கு முன் அழித்துவிட்டுப் போனதை அங்கே தேட முடியாது. சேவையை நடத்துவது அவர்கள் பொறுப்பு. தரவின் இன்னொரு பிரதியை வைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

இன்னொரு அபாயம் அரிது, ஆனால் கற்பனை அல்ல. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை அறிவிப்பை அடுத்து எண்ணெய் நிறுவனமான நயாரா எனர்ஜிக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அந்நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சேவை திரும்பியது. முப்பது பேர் வேலை செய்யும் உதிரிபாக நிறுவனத்தைப் பன்னாட்டுத் தடை தேடி வராது. ஆனால் காலாவதியான கிரெடிட் கார்டு, யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து போன மோசடி மின்னஞ்சல் போன்ற சாதாரணக் காரணங்களாலும் கணக்கு முடங்கலாம். அந்தச் சில நாள்களுக்கு வாடிக்கையாளர் முகவரிகளும் கடைசி ஆர்டர்களும் கையில் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

டேலியையும் விட்டுவிட்டுச் சந்தா முறைக் கணக்கு மென்பொருளுக்கு மாறலாமா? புதிதாகத் தொடங்கும் நிறுவனம் என்றால் நிச்சயம் யோசிக்கலாம். பதினைந்து ஆண்டுக் கணக்கு டேலியில் இருக்கும் நிறுவனத்துக்கு நான் அவசரப்பட மாட்டேன். டேலி தெரிந்த கணக்கர் விளம்பரம் கொடுத்த வாரத்திலேயே கிடைப்பார். ஆடிட்டர் அலுவலகமும் அதையே எதிர்பார்க்கிறது. கணினி அமைப்பையும் கணக்கு மென்பொருளையும் ஒரே ஆண்டில் மாற்றினால், ஏதாவது பிசகும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கலந்த ஏற்பாடு, அதன் நிபந்தனைகளோடு

இந்த மாதிரி நிறுவனத்துக்கு நான் சொல்வது இது. மின்னஞ்சலும் அலுவலகக் கோப்புகளும் சந்தா சேவைக்குப் போகட்டும். டேலி, இடைவாசலோடு கூடிய கிளவுட் சர்வருக்குப் போகட்டும். அதில் உள்ளே நுழையும் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் லைசென்ஸ் போதும். வரைபடங்கள் அலுவலகத்திலேயே, முடிந்தால் மாடியில், வலையமைப்பில் இணைந்து கோப்புகளைப் பகிரும் ஒரு நல்ல நாஸ் பெட்டியில் இருக்கட்டும். வருகைப்பதிவு மென்பொருள் ஏதேனும் ஓர் அலுவலகக் கணினியிலேயே ஓடிவிடும். ஆக, விண்டோஸ் சர்வரும் முப்பது சி.ஏ.எல்.களும் அலுவலகத்தில் தேவையே இல்லாமல் போகின்றன. கலந்த ஏற்பாட்டின் உண்மையான சேமிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பழைய சர்வரின் வேலைகளைப் பிரித்த பின்னும் இன்னொரு சர்வர் வாங்கும் நிறுவனம் இரட்டைச் செலவுக்குள் போகிறது.

நாஸ் பெட்டியை வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இன்டர்நெட்டில் திறந்து விடக் கூடாது. 2022இல் டெட்போல்ட் என்ற தீநிரல் அப்படித் திறந்திருந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைத்தான் தேடித்தேடிப் பூட்டியது. இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவு எழுதும் ரெய்டு அமைப்பு ஒரு டிஸ்க் பழுதாவதிலிருந்து காக்கும். தவறுதலாக அழிப்பதிலிருந்தும் தீநிரலிலிருந்தும் காக்காது, ஏனெனில் அழிவும் இரண்டிலும் ஒரே நொடியில் எழுதப்படுகிறது.

எனவே வரைபடங்களின் ஒரு பிரதி இரவில் கிளவுடுக்குப் போக வேண்டும். அது குறிப்பிட்ட நாள்களுக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். மொத்தம் 2 டி.பி. என்றால், 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் முதல் பிரதி ஏற 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் ஒரு வார இறுதியும் அதற்கு மேலும் பிடிக்கும். பிறகு அன்றாட மாற்றங்கள் மட்டுமே என்பதால் சிக்கலில்லை. திரும்ப இறக்கவும் அதே 44 மணி நேரம் ஆகும் என்பதை யாரும் கோட்டேஷனில் எழுதுவதில்லை. வடிவமைப்புப் பிரிவு இரண்டு நாள் நிற்கக் கூடாது என்றால், வாரம் ஒருமுறை செருகி எழுதிவிட்டுக் கழற்றி வேறிடத்தில் வைக்கும் டிஸ்க் ஒன்றும் வேண்டும். செருகியே கிடக்கும் பழைய யு.எஸ்.பி. டிஸ்க்கின் தவறு, அது செருகியே கிடப்பதுதான்.

இந்த ஏற்பாட்டின் குறையை மறைக்க விரும்பவில்லை: மூன்று இடம், மூன்று பில், மூன்று கடவுச்சொல். முழுப் படமும் ஒரே ஆளின் தலைக்குள் இருந்தால் அந்த ஆள் ஊருக்குப் போன நாளில் எல்லாம் நிற்கும். பல சிறு நிறுவனங்களில் அந்த ஆள் வெளியிலிருந்து வரும் ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர், நிறுவனத்தின் இணையப் பெயரான டொமைன் பெயரும் கிளவுட் கணக்கும் அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்லவில்லை, அன்றைக்கு அதுதான் எளிதாக இருந்திருக்கும். ஒப்பந்தத்தை மாற்ற நினைக்கும் நாளில்தான் அது தெரியவரும். எந்த வழியைத் தேர்ந்தாலும், டொமைன், கிளவுட், சந்தா சேவை ஆகிய மூன்றின் தலைமைக் கணக்கும் நிறுவனத்தின் பெயரிலும் இயக்குநர் ஒருவரின் கையிலும் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்குத் தனிக் கணக்கு தந்து தேவையான உரிமையை மட்டும் கொடுக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்கு உடன்படாதவரின் கோட்டேஷன் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒதுக்கிவிடலாம்.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது

பிரைவேட் லிமிடெட் என்பதால் கம்பெனிகள் கணக்கு விதிகள் பொருந்துகின்றன. கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் இந்தப் பத்தி பொருந்தாது. மின்னணுக் கணக்கேடுகளின் பேக்கப் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் அன்றாடம் எடுக்கப்பட வேண்டும். கணக்கு மென்பொருளில், எது எப்போது மாற்றப்பட்டது என்று பதியும் திருத்தத் தடம் 2023 ஏப்ரல் 1 முதல் அணைக்க முடியாதபடி இயங்க வேண்டும். ஆடிட்டர் தம் அறிக்கையில் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை யு.எஸ்.பி. டிஸ்க்கில் எடுப்பது இந்த விதியை நிறைவு செய்யாது.

சைபர் தாக்குதல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் ஆணை சிறு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. ஊழியரின் விரல்ரேகையை வைத்திருக்கும் வருகைப்பதிவு மென்பொருளை இனி யாரும் கவனிக்காத கணினி என்று மூலையில் விட்டுவிட முடியாது.

எப்போது மாற்றுவது

கெடு முடியும் ஜனவரி 12 பொங்கலை ஒட்டி வருகிறது. அந்த விடுமுறையில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது, எதுவும் பிசகாது என்ற நம்பிக்கையில் போடும் திட்டம். 2026 அக்டோபரின் காந்தி ஜெயந்தி விடுமுறையில் டேலியை மாற்றினால், பிசகினாலும் சரிசெய்ய இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். மாதத்தில் 11ஆம் தேதியையும் 20ஆம் தேதியையும் ஒட்டி, அதாவது ஜி.எஸ்.டி. தாக்கல் நாள்களில், எதையும் தொடக் கூடாது. மார்ச்சில் தொடவே கூடாது. மின்னஞ்சல் முதலில், வரைபடங்கள் அடுத்து, டேலி கடைசி என்ற வரிசையில் போனால், ஊழியர்கள் பழகுவதற்கும் ஒப்பந்தக்காரரின் திறமையை நாம் எடைபோடுவதற்கும் அவகாசம் கிடைக்கும்.

டேலியை மாற்றுமுன் ஒரு சோதனை போதும்: நேற்றைய பேக்கப்பை வேறொரு கணினியில் இறக்கி, ஒப்பந்தக்காரரின் உதவி இல்லாமல் கணக்கரே அதைத் திறந்து, நேற்றைய கடைசிப் பில்லைக் காட்ட வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது என்பதை, முதலில் எழுதி வைத்த பொறுமைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். அதிகமானால் ஏற்பாட்டைத் திருத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

பழைய சர்வரை உடனே பழைய இரும்புக்குப் போட வேண்டாம். வலையமைப்பிலிருந்து கழற்றி, அந்த நிதியாண்டின் தணிக்கை முடியும் வரை அப்படியே வைத்திருக்கலாம். கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்பதால், பழைய ஆண்டுகளின் டேலி தரவோடு அதைத் திறக்கக்கூடிய டேலி பதிப்பின் நிறுவல் கோப்பையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். அதன் பிறகு டிஸ்க்குகளைக் கழற்றித் தனியே அழித்துவிட்டு, பெட்டியை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.